பத்து கெல்வினில் ஒரு பனிப்படலம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் விண்வெளித் தூசிமேல் உறைந்து கிடக்கும் மூலக்கூறுகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. ஆய்வுக்கூடத்தில் கை நனைப்பவர்களின் கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் போயிருக்கிறது. மற்றவர்கள் பொறுத்தருள்க.

அவ்வளவு தூரத்தில் இருக்கும் பனியை யாரும் போய் அள்ளி வரவில்லை. அது தண்ணீர்ப் பனி, இது மெத்தனால் பனி என்று எப்படித்தான் சொல்கிறார்கள்?
(வாசகி, சாட்ஸ்வர்த்)

விண்மீன்களுக்கு இடையில் வாயுவும் தூசியும் அடர்ந்த மேகங்களுக்குள் வெப்பநிலை 10 கெல்வின் அளவில் இருக்கும்; அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அங்கே மிதக்கும் தூசி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.1 மைக்ரான் அளவுதான். அதில் மோதும் வாயு மூலக்கூறு பெரும்பாலும் ஒட்டிக்கொண்டுவிடும். மேகத்துக்குப் பின்னால் ஒரு விண்மீன் இருந்தால் அதன் அகச்சிவப்பு ஒளி இந்தப் பனியின் வழியாகத்தான் நம்மிடம் வந்தாக வேண்டும். வரும் வழியில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் பிணைப்பு அதிரும் அலைநீளத்தில் ஒளியை விழுங்கிவிடும். நமக்குக் கிடைக்கும் நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தண்ணீருக்கு 3.05 மைக்ரான், கார்பன் டை ஆக்சைடுக்கு 4.27, கார்பன் மோனாக்சைடுக்கு 4.67, மீத்தேனுக்கு 7.7, அம்மோனியாவுக்கு 9.0, மெத்தனாலுக்கு 9.75.

ஓரையன் பகுதியில் ஒரு விண்மீனின் ஒளியில் 3.1 மைக்ரானை ஒட்டி இப்படி ஒரு பள்ளத்தைக் கண்டு, அது தண்ணீர்ப் பனி என்று 1973-இல் கில்லெட்டும் ஃபாரஸ்ட்டும் எழுதினார்கள். ஆனால் வானத்தில் கிடைப்பது வெறும் பள்ளம்தான், அம்மா. அதற்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அதே பனியை இங்கே பூமியில் உறைய வைத்து அளந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லைடன், நாசா காடார்டு, கடானியா போன்ற இடங்களின் ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான்.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, சதர்லாந்தில் சால்ட் தொலைநோக்கி இருக்கிறது. இந்தப் பனியை அவற்றால் பார்க்க முடியாதா?
(பள்ளி ஆசிரியர், லெனேசியா)

முடியாது, ஐயா. ரேடியோ தொலைநோக்கிகள் மூலக்கூறுகளை இனம் காண்பது பெரும்பாலும் அவை சுழல்வதை வைத்து. வாயுவாக இருக்கும்போது மூலக்கூறு தாராளமாகச் சுழலும். உறைந்துவிட்டால் காலை நேரத்து மினிபஸ் டாக்சியில் ஏறிய ஆள் கதைதான்: தோளைக் குலுக்கலாம், திரும்ப முடியாது. ஆகவே உறைந்த மூலக்கூறுக்குச் சுழற்சிக் கோடு கிடையாது, அதிர்வுப் பட்டை (மேலே சொன்ன பள்ளம்) மட்டுமே உண்டு. அது அகச்சிவப்பில் விழுகிறது.

சால்ட் முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. சதர்லாந்தில் ஜப்பானியரோடு சேர்ந்து நடத்தும் 1.4 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியும் 2 மைக்ரானைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. 3 மைக்ரான் தண்ணீர்ப் பட்டையை உயர்ந்த மலை உச்சிகளிலிருந்து ஓரளவு பிடிக்கலாம். 4.27 மைக்ரானைத் தரையிலிருந்து பிடிக்கவே முடியாது. நம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே அதை முழுக்க மறைத்துவிடும். 1995-இல் ஏவிய ஐசோ, 2003-இல் ஸ்பிட்சர், 2021 டிசம்பர் 25-இல் ஜேம்ஸ் வெப் என்று விண்வெளித் தொலைநோக்கிகளோடு இதற்காக மேலே போக வேண்டியிருந்தது.

வேதியியலில் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறையில் அகச்சிவப்பு நிறமாலையை அளக்கும் எஃப்டிஐஆர் கருவி இருக்கிறது. விண்வெளிப் பனியை அளக்க அதோடு வேறு என்னென்ன வேண்டும்? டர்பன் ஈரப்பதத்தில் இது நடக்கிற காரியமா?
(மாணவர், டர்பன்)

நடக்கும், தம்பி. ஆனால் ஈரப்பதத்தைப் பற்றிக் கேட்டாயே, அதுதான் உன் முதல் எதிரி. முதலில் கருவியைப் பார்ப்போம். மைக்ரானுக்குப் பதில் இனி அலையெண், அதாவது ஒரு செ.மீ. நீளத்தில் எத்தனை அலை என்ற கணக்கு. அதை வெறும் எண்ணாகச் சொல்கிறோம், அலகு செ.மீ.⁻¹.

நடுவில் ஒரு எஃகு வெற்றிடக் கலம். அதை டர்போ பம்ப் ஒன்று, பின்னால் எண்ணெய் இல்லாத ஸ்க்ரோல் பம்ப் ஒன்றின் துணையோடு காலி செய்யும். கலத்துக்குள் மேலிருந்து மூடிய சுற்று ஹீலியத்தால் குளிரூட்டும் கோல்ட் ஹெட் இறங்கும். அதன் முதல் கட்டம் 40–50 கெல்வின். அதில் வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசத்தை மாட்டு. இரண்டாம் கட்டம் 10 கெல்வின். அதன் நுனியில் ஆக்சிஜன் நீக்கிய செம்பில் ஒரு பிடிப்பான், அதில் பனி படியும் ஜன்னல். பிடிப்பானில் ஒரு ஹீட்டரும் ஒரு சிலிக்கான் டயோடு வெப்பமானியும் வேண்டும். ஸ்பெக்ட்ரோமீட்டரின் ஒளி கலத்தின் இரண்டு வெளி ஜன்னல்கள் வழியாகவும் நடுவிலுள்ள பனி ஜன்னல் வழியாகவும் புகுந்து, திரவ நைட்ரஜனில் குளிரும், அகச்சிவப்பை உணரும் எம்சிடி டிடெக்டருக்குப் போகும்.

ஜன்னலுக்கும் செம்புக்கும் நடுவில் மெல்லிய இண்டியம் தகட்டை வைத்து இறுக்க மறக்காதே. வெற்றிடத்தில் உலோகமும் படிகமும் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் வெப்பம் கடக்காது. வெப்பமானி 10 என்று காட்டும், ஜன்னல் உண்மையில் 20-ஐத் தாண்டியிருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கார்பன் மோனாக்சைடைப் படியவைத்து நிமிடத்துக்கு 1 கெல்வின் வீதம் சூடாக்கு. 2139-இல் உள்ள பட்டை 30 கெல்வினை ஒட்டி மறைய வேண்டும். உன் வெப்பமானி 22 காட்டும்போதே மறைந்துவிட்டால் பொய் சொல்வது வெப்பமானிதான்.

ஜன்னலுக்கு எந்தப் படிகம்? பொட்டாசியம் புரோமைடு 400 வரை ஒளியை விடும், விலையும் குறைவு. ஆனால் தைப்பூசக் காவடி நேரத்து டர்பன் புழுக்கத்தில் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் மங்கிவிடும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வை, கையுறை இல்லாமல் தொடாதே, மேலே மூச்சு விடாதே. துத்தநாக செலினைடு ஈரத்துக்கு அசையாது. ஆனால் ஒளிமுறிவு எண் 2.4 என்பதால் இரண்டு முகங்களிலுமாகச் சுமார் 30 சதவீத ஒளி திரும்பிவிடும், 500-க்குக் கீழே பார்க்கவும் முடியாது. அமிலம் பட்டால் நச்சு வாயு வரும். உள்ளே பொட்டாசியம் புரோமைடு அல்லது சீசியம் அயோடைடு, காற்றைத் தொடும் வெளி ஜன்னல்களுக்குத் துத்தநாக செலினைடு என்பது நம் கடற்கரை ஊருக்கு நாங்கள் சொல்லும் கூட்டு. ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள்ளிருக்கும் ஒளிப்பிரிப்பானும் பொட்டாசியம் புரோமைடுதான் என்பதால், உலர் காற்றோ நைட்ரஜனோ இரவு பகலாக அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

வெற்றிடம் எவ்வளவு? 10⁻⁸ மில்லிபாரில் மிச்சமிருக்கும் வாயு, ஒட்டியதெல்லாம் ஒட்டியபடியே நின்றால், 2 நிமிடத்துக்கு ஓர் அடுக்கு பூசிவிடும். 10⁻¹⁰ மில்லிபாரில் அதே ஓர் அடுக்குக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 100 அடுக்குக்கு மேலான பனியைச் சில நிமிடங்களில் படியவைத்து அளக்க முதலது போதும். மெல்லிய படலம், நீண்ட கதிர்வீச்சுச் சோதனை என்றால் இரண்டாவதுதான். அதற்குக் கலத்தையே ஓரிரு நாள் 100–150 டிகிரி செல்சியஸில் வேகவைக்க வேண்டும். கலத்தில் இண்டியம் இருக்கிறது என்பதை அப்போது நினைவில் வை: அது உருகுவது 157 டிகிரியில்.

வாயுக் கலவையைத் தனிக் குடுவையில், அழுத்தமானியைப் பார்த்துத் தயாரிக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். தண்ணீரை முதலில் உறையவைத்து, பம்ப் செய்து, உருகவைத்து, இப்படி மூன்று முறை செய்து அதில் கரைந்திருக்கும் காற்றை விரட்டு. 20 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 23 மில்லிபார். குடுவையில் 10 மில்லிபாருக்கு மேல் போகாதே. போனால் ஆவி சுவரில் படிந்து நீ குறித்த கலவை விகிதம் எங்கோ போய்விடும். அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒரே குடுவையில் கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து அம்மோனியம் கார்பமேட் என்ற வெள்ளைத் தூளாகிவிடும். தனித்தனிக் குழாய்களில் விட்டு ஜன்னலில்தான் சந்திக்க வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எஃகு சிலிண்டரில் நெடுநாள் இருந்தால் இரும்புக் கார்போனைல் சேர்ந்திருக்கும். 2000-ஐ ஒட்டி அழைக்காத பட்டை எழும். அதைக் கந்தகச் சேர்மம் என்று நினைத்து மகிழ்ந்துவிடக் கூடாது. வாயுவைத் திரவ நைட்ரஜனில் முங்கிய வளைகுழாய் வழியாக விட்டால் கார்போனைல் அங்கேயே தங்கிவிடும், குறைந்த அழுத்தத்தில் போகும் கார்பன் மோனாக்சைடு கடந்துவிடும்.

பிறகு வேலை சுலபம். 10 கெல்வினுக்கு வந்ததும் வெறும் ஜன்னலுக்குப் பின்னணி நிறமாலை எடு. 1 அல்லது 0.5 பிரிதிறனில் 128 அல்லது 256 வீச்சு (ஸ்கேன்). ஊசி வால்வைத் திறந்து வாயுவை விடு. மூடு. அழுத்தம் இறங்கட்டும். மறுபடி நிறமாலை எடு. சூடாக்கும்போது 5 கெல்வினுக்கு ஒன்று.

கார்பன் மோனாக்சைடும் அம்மோனியாவும் நச்சு. திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 மடங்கு விரியும். பம்பின் வெளியேற்றக் குழாய் கட்டடத்துக்கு வெளியே போகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடு.

எந்த வாயுவும் விடவில்லை. ஆனாலும் 3250-ஐ ஒட்டித் தண்ணீர்ப் பட்டை மெல்ல மெல்ல வளர்கிறது. கலத்தில் கசிவா?
(ஆய்வு மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மூன்று திருடர்கள் உண்டு, ஒவ்வொருவராகப் பிடிக்கலாம். முதலில் பனி ஜன்னலை 200 கெல்வினுக்குச் சூடாக்குங்கள். தண்ணீர் வெற்றிடத்தில் 150–170 கெல்வினுக்குள் போய்விடும். பட்டை போய்விட்டால் பனி உங்கள் ஜன்னலில்தான் இருந்திருக்கிறது: மிச்ச வாயு அல்லது கசிவு. மூலக்கூறுகளை நிறையால் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் 28-உம் (நைட்ரஜன்) 32-உம் (ஆக்சிஜன்) சுமார் 4-க்கு 1 என்ற விகிதத்தில் தெரிந்தால் காற்று கசிகிறது. 18 (தண்ணீர்) மட்டும் ஓங்கியிருந்தால் கசிவு இல்லை; கலத்தின் சுவர் இன்னும் ஈரம் கக்குகிறது, மறுபடி வேகவையுங்கள். அழுத்தமானியை மட்டும் நம்பி இதைச் சொல்ல முடியாது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்பிலும் தெரியாது.

200 கெல்வினிலும் பட்டை அப்படியே இருக்கிறதா? அப்படியானால் டிடெக்டரைப் பாருங்கள். எம்சிடி டிடெக்டரின் குடுவையிலுள்ள வெற்றிடம் ஆண்டுகள் போகப் போகக் கெடும். திரவ நைட்ரஜன் ஊற்றியதும் உள்ளே இருக்கும் ஈரம் டிடெக்டரின் மேலேயே உறையும். நைட்ரஜன் ஊற்றி எவ்வளவு நேரமானதோ அவ்வளவு வளரும், கலத்தில் நீங்கள் செய்யும் எதற்கும் அசையாது. அந்தக் குடுவையை மறுபடி பம்ப் செய்வதுதான் மருந்து. நைட்ரஜன் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்தே பின்னணி எடுப்பது தற்காலிகக் கைவைத்தியம்.

மூன்றாவது திருடன் அறைக் காற்று. ஆனால் அவன் அகன்ற மேடாக வரமாட்டான். 3500–3900-இலும் 1400–1800-இலும் ஊசி ஊசியாகக் கோடுகள் வரும். கூடவே 2349-இல் கார்பன் டை ஆக்சைடு, சில சமயம் தலைகீழாக. பின்னணி எடுத்தபோது இருந்ததைவிட இப்போது உலர் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்பதே தலைகீழ்ப் பட்டைக்கு அர்த்தம்.

அடித்தளக் கோடு பாம்பு மாதிரி நெளிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பழுதல்ல, படலத்தின் இரு முகங்களிலும் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் குறுக்கீடு. படலத்தை மெல்லியதாக்கினால் அடங்கும்.

பட்டையைப் பார்த்து மூலக்கூறுகளை எண்ண முடியுமாமே?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

முடியும், பெருக்கலும் வகுத்தலும் போதும். பட்டைக்குக் கீழுள்ள பரப்பை அலையெண் அச்சில் அளந்து, 2.303-ஆல் பெருக்கி, அந்தப் பட்டையின் வலிமையால் (ஒரு மூலக்கூறு எவ்வளவு ஒளியை விழுங்கும் என்ற அளவால்) வகுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடின் பட்டை வலிமை மூலக்கூறுக்கு 1.1×10⁻¹⁷ செ.மீ. பரப்பு 0.5 என்றால், 2.303-ஆல் பெருக்க 1.15. அதை 1.1×10⁻¹⁷-ஆல் வகுக்க, சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 10¹⁷ மூலக்கூறு. ஓர் அடுக்கு 10¹⁵ என்பது வழக்கம். ஆக 100 அடுக்கு. அடர்த்தி 0.8 என்று வைத்தால் தடிமன் ஏறக்குறைய 60 நானோமீட்டர்தான்.

2.303-ஐ மறப்பதுதான் இதில் நித்தியப் பிழை. கருவி தருவது பத்தின் அடிமான மடக்கை, நமக்கு வேண்டியது இயல்மடக்கை. இன்னொன்று, கலம் முழுக்க வாயுவை நிரப்பிப் படியவைத்தால் ஜன்னலின் முன்பக்கமும் பின்பக்கமும் பனி சேரும்; ஒளி இரண்டையும் கடக்கிறது. ஒரு பக்கத்துக் கணக்கு வேண்டுமென்றால் பாதியாக்க வேண்டும்.

பட்டை வலிமையே சரியா என்று கேட்பீர்கள். அதற்குத் தடிமனைத் தனியாக அளக்க வேண்டும். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசரைப் பனியில் ஏறக்குறையச் செங்குத்தாகப் பட்டுத் திரும்ப வைத்தால், பனி தடிக்கத் தடிக்க ஒளி கூடிக் குறையும். ஒளிமுறிவு எண் 1.3 உள்ள தண்ணீர்ப் பனிக்கு ஒரு முழு ஏற்ற இறக்கம் 243 நானோமீட்டர். அடர்த்தி தெரிந்தால் மூலக்கூறு எண்ணிக்கை வந்துவிடும், அதிலிருந்து பட்டை வலிமை. நுண்துளை நிறைந்த பனிக்கு அடர்த்தியைப் படிகப் பனியிலிருந்து கடன் வாங்கினால் விடை தப்பும்.

ஆய்வுக்கூடத்துப் பனியும் விண்வெளிப் பனியும் ஒன்றா? இரண்டு கோடு ஒத்துப்போனால் நம்பிவிடலாமா?
(வாசகர், டொங்காட்)

ஒன்றல்ல. இதுவரை வந்ததில் இதுவே கூர்மையான கேள்வி.

பட்டையின் இடம் மட்டும் ஒத்தால் போதாது, வடிவமும் ஒக்க வேண்டும். ஏனென்றால் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது வடிவத்தில்தான் தெரியும். கார்பன் மோனாக்சைடைத் தண்ணீரோடு கலந்து உறையவைத்தால் 2152-இல் ஒரு தோள் (பட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன மேடு) எழும். வானத்து நிறமாலையில் அந்தத் தோளைக் காணோம். நெடுநாள் குழப்பிய விஷயம் இது. தண்ணீருக்குப் பதில் மெத்தனாலோடு கலந்து பார்த்தால் தோள் வராது, பட்டையும் பொருந்துகிறது. தூசிமேல் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்துதான் மெத்தனால் ஆகிறது என்பதோடும் இது இயல்பாக இணைகிறது.

கார்பன் டை ஆக்சைடின் 15.2 மைக்ரான் பட்டை இன்னும் வாயாடி. தண்ணீரோடு கலந்திருந்தால் அகன்ற ஒற்றை மேடு. சூடு பட்டுத் தனியாகப் பிரிந்து படிகமானால் 655, 660 என்று இரட்டைக் கொம்பு. பிறந்துகொண்டிருக்கும் விண்மீனைச் சுற்றி இந்த இரட்டைக் கொம்பு தெரிந்தால் அந்தப் பனி ஒரு முறையாவது சூடுபட்டிருக்கிறது.

ஏமாற்றும் விஷயம் வடிவியல். நம் பனி தட்டையான படலம். அங்கே இருப்பது தூசியைப் போர்த்திய பனி. கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு போன்ற வலுவான பட்டைகள் துகளின் உருவத்தைப் பொறுத்தே இடம் மாறும். எனவே படலத்தின் நிறமாலையை அப்படியே வானத்தின் மேல் போர்த்தாமல், அதிலிருந்து ஒளியியல் மாறிலிகளை (பனியில் ஒளி எவ்வளவு முறியும், எவ்வளவு விழுங்கப்படும் என்ற எண்களை) கணக்கிட்டு, துகள் வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

காலமும் வேறு. நாம் நிமிடத்துக்கு ஒரு கெல்வின் ஏற்றுகிறோம், அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள். இங்கே 30 கெல்வினில் போகும் கார்பன் மோனாக்சைடு அங்கே 20-இலேயே கிளம்பிவிடும். இங்கே 150-ஐத் தாண்டும் தண்ணீர் அங்கே 100-ஐ ஒட்டியே போய்விடும். பொறுமைக்கு என்ன பலன் என்பதற்குச் சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. தண்ணீரும் மீத்தேனும் சேர்ந்த பனியை 30 கெல்வினில், 10⁻¹⁰ மில்லிபார் வெற்றிடத்தில் மணிக்கணக்காகச் சும்மா வைத்திருந்து, தண்ணீர்க் கூண்டுக்குள் மீத்தேன் அடைபடுவதை அகச்சிவப்பில் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு 10 கெல்வினிலேயே அது நடந்தது. அழுத்தமே இல்லாத இடத்தில் இப்படிக் கூண்டு கட்டும் என்று அதுவரை பலர் எதிர்பார்க்கவில்லை.

வீட்டு ஃப்ரீசரிலோ உலர்பனியிலோ பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாமா?
(வாசகி, இசிபிங்கோ)

ஃப்ரீசர் 255 கெல்வின், உலர்பனி 195. இரண்டும் இந்த வேலைக்குக் கொதிகலன். பல்கலைக்கழகத்தில் திரவ நைட்ரஜன் ஊற்றும் 77 கெல்வின் கிரையோஸ்டாட் இருந்தால் தண்ணீர், மெத்தனால், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு நான்கையும் செய்யலாம். கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் நிற்காது.

பாதிப் பரிசோதனையில் லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால்?
(ஆய்வுக்கூட உதவியாளர், வெருலம்)

கோல்ட் ஹெட் நின்றதும் முதலில் கிளம்புவது கார்பன் மோனாக்சைடு, பிறகு மீத்தேன். அதற்கு ஹீலியத்தை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் பல கிலோவாட் இழுப்பதால் சாதாரண யூபிஎஸ் தாங்காது; பனியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், கலத்தைக் காப்பாற்றுங்கள். டர்போ பம்புக்கும் அழுத்தமானிக்கும் மட்டும் யூபிஎஸ் போதும். மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் வால்வு கலத்துக்கும் பம்புக்கும் நடுவில் கட்டாயம் வேண்டும்; இல்லையென்றால் எண்ணெய் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் ஆவி பின்னால் ஏறி, 2900-ஐ ஒட்டிய ஹைட்ரோகார்பன் பட்டை மாதக்கணக்கில் விடாது. மூடிய கலத்தில் பல நாள் சேர்ந்த பனி ஒரேயடியாக ஆவியாகும், ஆகவே அழுத்த விடுவிப்பு வால்வும் இருக்கட்டும்.

கரண்ட் வந்தவுடன் பழையபடி குளிர்விப்பது தவறு. ஆவியானது மறுபடி ஜன்னலில் எந்தக் கலவையாக ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. அறை வெப்பநிலை வரை விட்டு, பம்ப் செய்து, மறுபடி 10-க்கு இறக்கி, புதிய பின்னணியோடு தொடங்குங்கள். இறங்கவே 2, 3 மணி நேரம் ஆகும். அட்டவணையைப் பார்த்து இரண்டு மின்வெட்டுக்கு நடுவில் 8 மணி நேரமாவது கிடைக்கும் நாளில்தான் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வெப்பநிலையைப் பதிவு செய்யும் லாகர் பேட்டரியில் ஓடட்டும். ராத்திரி 20 நிமிடம் மின்சாரம் போய் வந்தது காலையில் வருபவருக்குத் தெரியாமல் போனால் நிறமாலையில் காரணம் புரியாத மாற்றம் நிற்கும்.

ஜேம்ஸ் வெப் பனியைப் பார்த்த மேகம் நம் ஊர் வானத்தில் தெரியுமா?
(மாணவன், 13 வயது, மெரிபேங்க்)

மேகம் தெரியாது, தம்பி, இடம் தெரியும். 2023 ஜனவரியில் வெளியான அந்த ஆய்வு பச்சோந்தி விண்மீன் குழுவிலுள்ள இருண்ட மேகத்தைப் பற்றியது. பின்னால் இருந்த இரண்டு விண்மீன்களின் ஒளியில் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, மீத்தேன், மெத்தனால் எல்லாம் கிடைத்தன. மேகம் சுமார் 600 ஒளியாண்டு தொலைவில். வானத்தின் தென் துருவத்துக்கு 13 டிகிரி தள்ளி இருப்பதால் டர்பனில் அது மறைவதே இல்லை. மே மாதம் இரவு 8 மணிக்குத் தெற்கே பார். தென் சிலுவையின் நீண்ட தண்டை அடிப்பக்கமாகத் துருவம் நோக்கி நீட்டு. பாதி வழியைச் சற்றுத் தாண்டியதும், உன் வலப்பக்கம் 5 டிகிரி. அந்தக் குழுவின் விண்மீன்கள் மங்கலானவை. மெரிபேங்க் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. டிராக்கன்ஸ்பர்க் பக்கம் போகும்போது ஒரு பைனாகுலரை எடுத்துக்கொள்.